எண்ணெய் விலை சரியும்போது செய்தி எழுதுவது எப்படி: நைஜீரியப் பத்திரிகைகளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2014 ஜூனில் உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 115 டாலர். 2016 ஜனவரியில் 28 டாலர். இந்தப் பத்தொன்பது மாத நைஜீரியப் பத்திரிகைகளைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். விலை விழுந்த செய்தி அன்றன்றைக்கே வணிகப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஓசுன் மாநிலத்தில் ஆசிரியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி என்ற செய்தி பெரும்பாலும் வேறொரு பக்கத்தில், வேறொரு நிருபரின் பெயரில், வெகு நாள் கழித்து வருகிறது. முதல் செய்தியின் கடைசிப் பத்திதான் இரண்டாவது செய்தி என்று வாசகருக்குச் சொல்ல ஆளில்லை.

லண்டன் சந்தைத் திரையில் ஓடும் எண்ணுக்கும் ஓசுன் தலைநகர் ஓசோக்போவில் இருக்கும் ஆசிரியையின் வங்கிக் கணக்குக்கும் நடுவே இரண்டு மூன்று மாத இடைவெளியும் அரை டஜன் அலுவலகங்களும் இருக்கின்றன. அந்த வழியைப் படிப்படியாகப் பின்தொடர்வதற்கான குறிப்புகள் இவை. வணிக நிருபருக்கு எழுதியவைதான். ஆனால் லாகோஸிலோ போர்ட் ஹார்கோர்ட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு அந்த ஊர்ப் பேப்பரைப் படிப்பவருக்கும், இதழியல் மாணவருக்கும் பயன்படும்.

ஏன் நைஜீரியா? எண்ணெய் விலையிலிருந்து சம்பளம் வரை நீளும் சங்கிலியின் கண்ணிகள் எல்லாமே அங்கே வெளியில் தெரியும். நார்வேயில் நடுவே ஒரு பெரிய சேமிப்பு நிதி உட்கார்ந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். சவூதியில் ரியால் டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் நாணயச் சரிவு என்ற கண்ணியே இல்லை. அடி நேராகக் கட்டுமான ஒப்பந்தங்களில் விழும். 2016-இல் சம்பளம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சவூதி முகாம்களில் சிக்கிக்கொண்டது அப்படித்தான். நைஜீரியாவிலோ பட்ஜெட், நாணயம், மாநிலப் பங்கு, பெட்ரோல் பங்க் என்று ஒவ்வொன்றாக ஆட்டம் காண்பதைப் பார்க்கலாம்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. 'நைஜீரியப் பொருளாதாரமே எண்ணெய்தான்' என்று எழுதிவிடாதீர்கள். 2014-இல் ஏற்றுமதி வருவாயில் 90 சதவீதத்துக்கு மேலும், அரசு வருவாயில் ஏறக்குறைய 70 சதவீதமும் எண்ணெயும் எரிவாயுவும்தான். ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எண்ணெயின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டித்தான். விவசாயமும் வியாபாரமும் தொலைத்தொடர்பும்தான் பெரும்பகுதி. அடி முதலில் விழுவது டாலர் வரத்திலும் கஜானாவிலும். கடைவீதிக்கு அது பிறகுதான் வந்து சேரும்.

படி 1: எந்த விலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எண்ணெய்க்கு ஒரே விலை கிடையாது. அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. ஒன்று, லண்டனில் கைமாறும் பிரெண்ட் எதிர்கால ஒப்பந்தம் (பின்னொரு மாதத்து எண்ணெய்க்கு இன்றே பேசும் விலை) ஒன்று, கப்பலில் ஏற்றும் நிஜச் சரக்குக்கான டேட்டட் பிரெண்ட் ஒன்று. நைஜீரியா விற்பது போனி லைட், குவா இபோ, ஃபோர்காடோஸ், எஸ்க்ராவோஸ் போன்ற ரகங்களை. தேசிய எண்ணெய் நிறுவனமான என்.என்.பி.சி. மாதாமாதம் ஒவ்வொரு ரகத்துக்கும் அதிகாரபூர்வ விற்பனை விலையை அறிவிக்கும். டேட்டட் பிரெண்டுக்கு மேல் இத்தனை டாலர், அல்லது கீழே இத்தனை டாலர் என்று அது இருக்கும்.

2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூ.டி.ஐ. மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அமெரிக்காவின் குஷிங் கிடங்குகளில் இடமில்லாத நிலையில், மறுநாள் காலாவதியாகவிருந்த மே மாத ஒப்பந்தத்துக்கு வந்த விலை அது. அதே நாளில் பிரெண்ட் 25 டாலருக்கு மேல் இருந்தது. அந்த மைனஸ் எண்ணை நைஜீரிய எண்ணெயின் தலையில் கட்டுவது சுத்தத் தவறு. நைஜீரியாவுக்கான நிஜச் செய்தி அதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது: மார்ச்சில் என்.என்.பி.சி. தன் விற்பனை விலையைப் பீப்பாய்க்கு 5 டாலர் வரை குறைத்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல் சரக்குகள் வாங்க ஆளில்லாமல் நிற்கின்றன என்று அதன் அப்போதைய தலைவர் மெலே கியாரி சொன்னார். வாங்க ஆள் இல்லாதபோது திரையில் ஓடும் விலை வெறும் அலங்காரம்.

ஆகவே விலையை எழுதும்போது மூன்று விவரங்கள் கட்டாயம்: எந்த ரகம், எந்த மாத ஒப்பந்தம், எத்தனை மணி நிலவரம். பிரெண்டின் அன்றைய முடிவு விலை லண்டன் நேரம் இரவு 7.30-க்கு வரும். குளிர்காலத்தில் லாகோஸில் அப்போது 8.30, லண்டன் கோடைக்கால நேரத்துக்கு மாறியபின் இரண்டு ஊரிலும் 7.30. உங்கள் பக்கம் அதற்கு முன்பே முடிகிறதென்றால் 'மாலை 6 மணி நிலவரப்படி' என்று போடுங்கள்; 'முடிவடைந்தது' என்று போடாதீர்கள். இணையத்தில் காலை ஏற்றிய செய்தியில் மாலை விலையை மாற்றிவிட்டுத் தலைப்பில் காலை விலையையே விட்டுவிடுவது வாரம் ஒருமுறையாவது நடக்கிற விபத்து.

மாதக் கடைசியில் இன்னொரு பொறி இருக்கிறது. பிரெண்டின் முன்மாத ஒப்பந்தம் காலாவதியாகி அடுத்த மாத ஒப்பந்தம் முன்னுக்கு வரும். நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் வெவ்வேறு ஒப்பந்தங்கள். இரண்டையும் கழித்து 'ஒரே நாளில் இவ்வளவு சரிவு' என்று எழுதினால், சந்தையில் நடக்காத சரிவை நீங்களே உண்டாக்கிவிடுகிறீர்கள். ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு நாள் விலையை மட்டும் ஒப்பிடுங்கள்.

சதவீதக் கணக்கும் அப்படித்தான். 115-இலிருந்து 28 என்பது 76 சதவீதச் சரிவு. 28-இலிருந்து 40-க்கு ஏறினால் 43 சதவீத உயர்வு. 'எண்ணெய் 43 சதவீதம் பாய்ந்தது' என்ற தலைப்பு எண்ணளவில் சரி; ஆனால் வாசகர் பாதிப் பள்ளம் தூர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். சதவீதம் போட்ட இடத்தில் டாலரையும் சேர்த்துப் போடுங்கள்.

படி 2: பட்ஜெட்டின் மூன்று எண்கள்

நைஜீரிய மத்திய பட்ஜெட் மூன்று ஊகங்களின் மேல் நிற்கிறது: பீப்பாய்க்கு அடிப்படை விலை, நாளுக்கு எத்தனை பீப்பாய், ஒரு டாலருக்கு எத்தனை நைரா. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய பட்டியல்:

2015: 53 டாலர், 22.78 லட்சம் பீப்பாய், 190 நைரா
2016: 38 டாலர், 22 லட்சம் பீப்பாய், 197 நைரா
2020, முதலில் போட்டது: 57 டாலர், 21.8 லட்சம் பீப்பாய், 305 நைரா
2020, ஜூலையில் திருத்தியது: 28 டாலர், 18 லட்சம் பீப்பாய், 360 நைரா
2025: 75 டாலர், 20.6 லட்சம் பீப்பாய், 1,500 நைரா

விலைச் செய்தியின் இரண்டாவது பத்தி இந்தப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். 2025-இல் 'எண்ணெய் 60 டாலருக்குச் சரிந்தது' என்றால் நைஜீரிய வாசகருக்கு ஒன்றும் விளங்காது. 'பட்ஜெட் கணக்கைவிட 15 டாலர் கீழே' என்றால் விளங்கும். ஆனால் பட்ஜெட் என்பது முழு ஆண்டுக் கணக்கு. ஒருநாள் விலை கீழே போனதாலேயே ஓட்டை விழுந்துவிடாது. ஜனவரி முதல் இன்றுவரையிலான சராசரியை நீங்களே ஒரு தாளில் ஓட்டிக்கொண்டு வாருங்கள். அது கோட்டுக்குக் கீழே இறங்குகிற அன்றைக்குத்தான் பெரிய தலைப்பு.

2015 பட்ஜெட்டின் கதை இங்கே நல்ல பாடம். அடிப்படை விலை முதலில் 78 டாலர் என்று பேசப்பட்டு, 2014 நவம்பரில் 73 ஆகி, டிசம்பரில் 65 ஆகி, கடைசியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது 53 ஆனது. இதற்கிடையே 73 என்று இறக்கிய அதே நேரத்தில் நிதியமைச்சர் ங்கோஸி ஒகோன்ஜோ-இவேலா தனி விமானம், உல்லாசப் படகு, ஷாம்பெயின் போன்றவற்றுக்குக் கூடுதல் வரியையும் அறிவித்தார். ஷாம்பெயின் என்ற சொல் கிடைத்தால் எந்தச் செய்தி டெஸ்க்தான் விடும்? ஆனால் நாட்டைப் பிடித்து உலுக்கிய எண் 78-இலிருந்து 73. ஓர் அறிவிப்பில் கவர்ச்சியான வரி ஒன்றும் வறண்ட எண் ஒன்றும் சேர்ந்து வந்தால், வறண்ட எண்ணை முதல் பத்திக்குக் கொண்டுபோங்கள்; மற்றது பெட்டிச் செய்தி.

சேமிப்பு எவ்வளவு என்பதும் இந்தப் படியிலேயே சேர வேண்டும். 2004-இல் தொடங்கிய உபரி எண்ணெய்க் கணக்கில், அடிப்படை விலைக்கு மேல் வந்த பணம் சேரும். 2015-இன் தொடக்கத்தில் அதில் மிஞ்சியிருந்தது 200 கோடி டாலர் சொச்சம். வெறுமனே 'கையிருப்பு 200 கோடி' என்று எழுதாமல் வகுத்துக் காட்டுங்கள்: நாளுக்கு 22 லட்சம் பீப்பாய், பீப்பாய்க்கு 15 டாலர் பள்ளம் என்றால் நாளுக்கு 3.3 கோடி டாலர். 200 கோடி அறுபது நாளில் தீரும். விற்ற எண்ணெயின் முழு மதிப்பும் அரசுக்கு வராது என்பதால் நிஜத்தில் இன்னும் சில வாரங்கள் தாங்கலாம். ஆனாலும் 'எத்தனை நாள்' என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

படி 3: பீப்பாயை எண்ணுங்கள்

விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி இழப்பு தப்பிவிடும். 2016-இல் விலை அடிமட்டத்தில் இருந்த அதே நேரத்தில் பிப்ரவரியில் ஃபோர்காடோஸ் கடலடிக் குழாய் தகர்க்கப்பட்டது. அடுத்தடுத்து நைஜர் டெல்டா அவெஞ்சர்ஸ் என்ற ஆயுதக் குழு தாக்குதல்களைத் தொடர்ந்தது. பட்ஜெட்டில் 22 லட்சம் பீப்பாய். உற்பத்தி அதற்கு வெகு கீழே. விலையும் அளவும் ஒன்றாக விழுந்த ஆண்டு அது. அந்த ஆண்டுதான் கால் நூற்றாண்டில் முதன்முறையாகப் பொருளாதாரம் சுருங்கியது.

எண்ணும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். பட்ஜெட் எண்ணில் கச்சா எண்ணெயோடு கண்டன்சேட் என்ற இலகு திரவமும் சேரும். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக் தரும் உற்பத்தி ஒதுக்கீட்டில் கண்டன்சேட் சேராது. ஓபெக் மாத அறிக்கையிலேயே இரண்டு அட்டவணைகள் இருக்கும்: நாடு தானே சொன்னது ஒன்று, வெளி மதிப்பீட்டாளர்கள் சொன்னது ஒன்று. அமைச்சர் 17 லட்சம் என்பார், ஓபெக் 14 லட்சம் என்னும், இருவருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். 'அரசு மறைத்தது' என்று தலைப்புப் போடும் முன் கண்டன்சேட்டைக் கழித்துப் பாருங்கள்.

விலையைப் பீப்பாயால் பெருக்கி 'அரசு வருவாய்' என்று எழுதுவதும் தவறு. கூட்டு நிறுவனங்களின் பங்கு, உற்பத்திச் செலவு எல்லாம் போக, ராயல்டியும் வரியும் அரசின் பங்கு எண்ணெயும்தான் வருவாய். பெருக்கி வருவதை 'எண்ணெயின் மொத்த மதிப்பு' என்று மட்டும் சொல்லுங்கள்.

படி 4: நைராவாக மாற்றும்போது கண்ணைக் கட்டும் வித்தை

செய்திகள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். எண்ணெய் விழுந்தால் டாலர் வரத்துக் குறையும், மத்திய வங்கி கொஞ்ச நாள் கையிருப்பை விற்று நைராவைத் தாங்கிப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். 2014 நவம்பர் 25 அன்று டாலரின் அதிகாரபூர்வ நடுவிலை 155-இலிருந்து 168 நைராவுக்கு நகர்த்தப்பட்டது. 2015 பிப்ரவரியில் டாலரை ஏலத்தில் விற்கும் முறையை மூடினார்கள்; 198-ஐ ஒட்டி நின்றது. 2016 ஜூன் 20 அன்று கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் முதல் நாளிலேயே 280-ஐத் தாண்டியது. சில மாதங்களில் அரசு விலை 305-இல் நிலைத்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2016 பட்ஜெட்டின் ஊகப்படி 38 டாலர், 22 லட்சம் பீப்பாய். ஒரு நாளைய மொத்த மதிப்பு 8.36 கோடி டாலர். 197 நைரா வீதத்தில் அது ஏறக்குறைய 1,647 கோடி நைரா. 305 வீதத்தில் 2,550 கோடி நைரா. ஒரு பீப்பாய்கூட அதிகம் விற்கவில்லை, ஒரு சென்ட்கூட விலை ஏறவில்லை. நைராவில் 55 சதவீதம் 'கூடியிருக்கிறது'. இந்த எண்ணை வைத்து 'எண்ணெய் வருவாய் உயர்வு' என்று அரசுக் குறிப்பு வரும். அதை அப்படியே அச்சிட்டால் இறக்குமதி அரிசி வாங்கும் வாசகர் உங்கள் பேப்பரைப் பார்த்துச் சிரிப்பார்.

அதனால் வருவாய்ச் செய்தி எதுவானாலும் இரண்டு வரி எழுதுங்கள்: நைராவில் இவ்வளவு, அதே காலத்து வீதப்படி டாலரில் இவ்வளவு. மாதாந்திரப் பங்கீட்டு அறிக்கையில் (படி 5-இல் பார்ப்போம்) 'மாற்று வீத ஆதாயம்' என்று ஒரு வரி வரும். நாணயம் விழுந்ததால் வந்த பணம் அது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்துவிட்டுப் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

வங்கிக்கு வெளியே டாலர் கைமாறும் தெரு வீதத்தையும் விடக் கூடாது. வங்கியில் டாலர் கிடைக்காத இறக்குமதியாளர் அந்த வீதத்தில்தான் வாங்குகிறார். ஆனால் தெரு வீதம் என்று ஒற்றை எண் கிடையாது: ஊர், நேரம், வாங்கும் விலையா விற்கும் விலையா, ரொக்கமா வங்கி மாற்றமா என்று குறிப்பிடுங்கள். குறைந்தது மூன்று பணம் மாற்றுபவர்களிடம் கேளுங்கள். இணையதளம் ஒன்றையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 உதாரணம்: தெரு வீதங்களை வெளியிட்டுவந்த அபோகிஎஃப்எக்ஸ் தளத்தின்மேல் மத்திய வங்கி பாய்ந்தது, தளம் வீதம் போடுவதை நிறுத்தியது, அதையே நம்பியிருந்த டெஸ்குகள் எல்லாம் கையைப் பிசைந்தன. லாகோஸின் இக்கேஜாவில் உள்ள கம்ப்யூட்டர் வில்லேஜ் சந்தையில் செல்போன் விலைப் பலகையைப் பாருங்கள். டாலர் எங்கே நிற்கிறது என்பதை அது பொய் சொல்லாமல் காட்டும்.

2015 ஜூனில் 41 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு மத்திய வங்கி டாலர் தர மறுத்தது. அரிசி, சிமென்ட் எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில் பல்குச்சியும் இருந்தது. கட்டுரைக்குக் கட்டுரை பல்குச்சியிலேயே தொடங்கும் ஆசை வரும். ஒருமுறை போதும், அரிசி வியாபாரியைத் தேடிப் போங்கள்.

படி 5: அபுஜாவில் பணம் பிரியும் நாள்

சங்கிலியின் நடுக்கண்ணி இதுதான். மாதம் ஒருமுறை தலைநகர் அபுஜாவில் கூட்டாட்சிக் கணக்குப் பங்கீட்டுக் குழு கூடும். அதன் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து எல்லோரும் ஃபாக் என்பார்கள். எண்ணெய்ப் பணம், சுங்கம், வரி எல்லாம் சேர்ந்த தொகையை மத்திய அரசு, 36 மாநிலங்கள், உள்ளாட்சிகள் மூன்றுக்கும் பிரிப்பார்கள். கனிம வருவாயில் 13 சதவீதம் எண்ணெய் விளையும் மாநிலங்களுக்கு முதலில் போகும். மீதியில் மத்திய அரசுக்கு 52.68 சதவீதம், மாநிலங்களுக்கு 26.72, உள்ளாட்சிகளுக்கு 20.60. மதிப்புக் கூட்டு வரிக்குத் தனிப் பங்கீடு உண்டு; அதை இதோடு கலக்காதீர்கள்.

கற்பனை எண்களை வைத்து ஒரு மாதத்தைப் பிரித்துப் பார்ப்போம். வந்தது 50,000 கோடி நைரா. அதில் எண்ணெய் 30,000 கோடி. 13 சதவீதமான 3,900 கோடி எண்ணெய் மாநிலங்களுக்கு. மீதி 46,100 கோடியில் மாநிலங்களின் பங்கு 12,318 கோடி. இப்போது எண்ணெய் வருவாய் பாதியாகிறது, மற்றவை அப்படியே. வந்தது 35,000 கோடி. 13 சதவீதம் 1,950 கோடி. மீதி 33,050-இல் மாநிலங்களுக்கு 8,831 கோடி. அதாவது எண்ணெய் பாதியானால் மாநிலங்களின் பொதுப் பங்கு 28 சதவீதம்தான் குறைகிறது. பேயெல்சா, ரிவர்ஸ், டெல்டா, அக்வா இபோம் போன்ற மாநிலங்களுக்கு மட்டும் 13 சதவீதப் பங்கும் நேர்பாதியாகிவிடும்.

அப்படியானால் 28 சதவீதக் குறைவுக்கே சம்பளம் ஏன் நிற்கிறது? பல நிருபர்கள் இந்தக் கேள்வி வரைக்கும் வருவதில்லை. விடை, கடன் பிடித்தத்தில் இருக்கிறது. நல்ல காலத்தில் மாநிலங்கள் வங்கிகளிடமும் பத்திரச் சந்தையிலும் கடன் வாங்கும். தவணை அபுஜாவிலேயே, பணம் கைக்கு வருமுன்னே பிடிக்கப்படும் என்று எழுதிக்கொடுத்திருக்கும். ஒரு மாநிலத்தின் பங்கு 300 கோடி, தவணை 100 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு 200 கோடி. பங்கு 28 சதவீதம் குறைந்து 216 கோடி ஆனால் தவணை குறையாது. கைக்கு 116 கோடி. 28 சதவீத அடி வீட்டு வாசலுக்கு வரும்போது 42 சதவீதம் ஆகிவிட்டது. சம்பளப் பட்டியல் மாதம் 150 கோடி என்றால் கதை முடிந்தது.

ஆகையால் மாநிலத்துக்கு 'ஒதுக்கியது' என்ற எண்ணை ஒருபோதும் தனியாகப் போடாதீர்கள். ஒதுக்கீடு, பிடித்தம், கைக்கு வந்தது, மாதச் சம்பளச் செலவு என்று நான்கையும் ஒரே வரிசையில் போடுங்கள். தேசியப் புள்ளிவிவர நிறுவனம் வெளியிடும் மாநிலவாரிப் பட்டியலில் முதல் மூன்றும் இருக்கும். நான்காவதை மாநில நிதித்துறையிடமோ தொழிற்சங்கத்திடமோதான் கேட்டு வாங்க வேண்டும். இருவரும் வேறு வேறு எண் சொல்வார்கள், இரண்டையும் எழுதுங்கள். 2015 ஜூலையில் முகமது புகாரி அரசு மாநிலங்களுக்கு அறிவித்த மீட்புத் திட்டத்தில் வங்கிக் கடனை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றுவதும் ஒரு பகுதி. பிடித்தத்தைக் குறைக்காமல் வெறும் பணம் மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பதுதான் காரணம்.

அடுத்தது கால இடைவெளி. ஏற்றுமதிச் சரக்குக்குக் கப்பலில் ஏற்றி 30 நாளில் பணம் வரும். உள்நாட்டுக்கென்று ஒதுக்கிய எண்ணெய்க்கு என்.என்.பி.சி. 90 நாள் அவகாசத்தில் கட்டிவந்தது. வந்த பணத்தைக் கணக்கிட்டு அடுத்த மாதம்தான் பிரிப்பார்கள். ஆக, இன்று பிரியும் பணம் இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய விலையின் பிள்ளை. விலை ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் மாநிலப் பங்கு குறைவதும், விழுந்துகொண்டிருக்கும்போது கூடுவதும் இதனால்தான். நாட்காட்டியில் குறியுங்கள்: ஜனவரியில் சரிவு என்றால் மாநிலச் செய்தியாளர் ஓசோக்போவுக்கோ பெனுவே மாநிலத் தலைநகர் மக்குர்டிக்கோ போக வேண்டியது ஏப்ரலில்.

படி 6: பெட்ரோல் ஏன் மலியவில்லை?

வாசகர் கடிதங்களில் முதலில் வரும் கேள்வி இது. கச்சா எண்ணெய் மலிந்தால் பெட்ரோலும் மலிய வேண்டாமா? 2016 மே மாதம் பிரெண்ட் 50 டாலருக்குள் இருந்தபோது நைஜீரியாவில் லிட்டர் 86.50 நைராவிலிருந்து 145 நைராவுக்கு ஏறியது. 68 சதவீதம்! போர்ட் ஹார்கோர்ட், வாரி, காடூனா சுத்திகரிப்பு ஆலைகள் பெயருக்குத்தான் ஓடின. பெட்ரோல் டாலர் கொடுத்து இறக்குமதி ஆனது. டாலரோ கிடைக்கவில்லை, கிடைத்தால் தெரு வீதம். கச்சா விலைச் சரிவை நைராச் சரிவு தின்றுவிட்டது.

பங்க் விலைச் செய்தியில் தேர்தல் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். 2015 ஜனவரி 18 அன்று குட்லக் ஜோனதன் அரசு 97 நைராவை 87 ஆக்கியது. அப்போது வாக்குப்பதிவு பிப்ரவரி 14 என்று குறித்திருந்தார்கள். தேதியை வெறுமனே எழுதினால் போதும், விமர்சனம் தேவையில்லை. 2023 மே இறுதியில் பெட்ரோல் மானியம் ஒழிந்து, 2024-இல் லாகோஸ் அருகே லெக்கியில் நாளுக்கு 6.5 லட்சம் பீப்பாய் திறனுள்ள டாங்கோட்டே ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியபின், கச்சா விலை இறங்கினால் பங்க் விலையும் முன்பைவிடச் சீக்கிரம் அசைகிறது. பழைய விளக்கத்தை அப்படியே ஒட்டாதீர்கள்.

படி 7: யாரிடம் கேட்பது

அமைச்சர், மத்திய வங்கி, லாகோஸ் ஆய்வாளர் ஒருவர். மூவரை வைத்தே நூற்றுக்கணக்கான செய்திகள் ஓடிவிடுகின்றன. மூவருமே சம்பளம் நிற்காதவர்கள். ஒவ்வொரு பெரிய செய்திக்கும் இன்னும் இருவரைச் சேருங்கள்: மாநில ஓய்வூதியர் சங்கம், போர்ட் ஹார்கோர்ட்டின் டிரான்ஸ் அமாடி தொழிற்பேட்டையில் இயங்கும் எண்ணெய்ச் சேவை நிறுவனங்களின் ஒப்பந்த ஊழியர். எண்ணெய் நிறுவனங்கள் ஆட்குறைப்பை அறிவிக்கும்போது நிரந்தர ஊழியர் எண்ணிக்கையை மட்டுமே சொல்லும். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள் அதற்குப் பல வாரம் முன்பே சத்தமில்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சமையல், காவல், படகு ஒப்பந்தங்களை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் முதலில் தெரியும்.

வாங்குபவரையும் மறக்கக் கூடாது. பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் எண்ணெய் சொந்த நாட்டில் பெருகியதும் அமெரிக்கா நைஜீரிய எண்ணெயை வாங்குவதை ஏறக்குறைய நிறுத்தியது. 2014-இல் இந்தியா முதலிடத்துக்கு வந்தது. அதன்பிறகு நைஜீரியச் சரக்கு விற்குமா விற்காதா என்பதற்கு வாஷிங்டனைவிட இந்திய ஆலைகளின் டெண்டர்களைப் பார்ப்பதே மேல்.

படி 8: தலைப்பு, படம், வரைபடம்

'அதலபாதாளம்', 'ரத்தக்களறி' வேண்டாம். தலைப்பில் ஒரு எண், ஒரு விளைவு: 'எண்ணெய் 28 டாலர்: பட்ஜெட் கணக்கில் 10 டாலர் பள்ளம்'.

படம் தேடும்போது பாலைவனத்தில் தலையாட்டும் பம்ப் படம்தான் முதலில் வரும். அது டெக்ஸாஸ். நைஜர் டெல்டாவில் நீங்கள் பார்ப்பது சதுப்பு நிலத்துக் கிணற்றின் வால்வுக் கொத்து, குழாய்ப் பாதை, எரிவாயுத் தீ, கடலில் மிதக்கும் ஏற்றுமதி மேடை. உள்ளூர் வாசகர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

வரைபடத்தின் செங்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்குங்கள். பட்ஜெட் அடிப்படை விலையைக் குறுக்கே ஒரு கோடாக இழுங்கள். அந்தக் கோடு இல்லாத எண்ணெய் வரைபடத்தை அச்சிடாமலே விடலாம்.

படி 9: உங்கள் பேப்பரின் சொந்தப் பை

இதை யாரும் வெளியில் பேசுவதில்லை. நைஜீரிய நாளிதழ்களுக்கு மாநில அரசுகளின் சிறப்பிதழ்களும், ஆளுநர் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரங்களும், வங்கிகளின் முழுப்பக்க விளம்பரங்களும் பெரிய வரும்படி. எண்ணெய் விழுந்தால் இவை சுருங்கும்; பழைய பில்லும் வசூலாகாது. அச்சுத் தாள் இறக்குமதி. ஒகு இபோகுவில் இருந்த அரசுத் தாள் ஆலை மூடிக் கிடக்கிறது. ஆகவே டாலர் ஏறினால் தாள் விலை ஏறும், பக்கம் குறையும், நிருபர் சம்பளம் தாமதமாகும். சம்பளம் வராத நிருபர்தான் சம்பளம் தராத ஆளுநரைப் பேட்டி காணப் போகிறார். அங்கே அவருக்காகக் காத்திருப்பதை நைஜீரியாவில் 'பழுப்பு உறை' என்பார்கள், நம்மூரில் 'கவர்'.

டெஸ்க் செய்யக்கூடியது இரண்டு. மாநில அரசின் கட்டணச் சிறப்பிதழ் வெளிவரும் வாரத்தில் அந்த மாநிலத்தின் சம்பளச் செய்தியை அபுஜா அட்டவணையை மட்டும் வைத்துத் தலைமையகமே எழுதலாம். உள்ளூர் நிருபரின் தலையில் போடாதீர்கள். கட்டணப் பக்கத்தின் மேல் 'விளம்பரம்' என்று செய்தி எழுத்தின் அதே அளவில் போடுங்கள்.

படி 10: கோப்பை மூடாதீர்கள்

விலை திரும்ப ஏறியதும் நிருபரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். 2022 மார்ச்சில் பிரெண்ட் 120 டாலரைத் தாண்டியது. ஆனால் அந்த ஆண்டில் மாதக்கணக்கில் என்.என்.பி.சி. கூட்டாட்சிக் கணக்குக்கு ஒரு நைராகூடச் செலுத்தவில்லை. பெட்ரோல் மானியம் விழுங்கிவிட்டது. திருட்டால் உற்பத்தியும் சரிந்திருந்தது. 1 முதல் 6 வரையிலான படிகளை ஏறுமுகத்திலும் அப்படியே ஓட்டலாம், குறிகள்தான் மாறும்.

ஒரே ஒரு தாள் போதும். மாதத்துக்கு ஒரு வரி. ஒன்பது கட்டங்கள்: போனி லைட் சராசரி, பட்ஜெட் விலை, உற்பத்தி, அரசு வீதம், தெரு வீதம், அன்னியச் செலாவணிக் கையிருப்பு, ஃபாக் மொத்தத் தொகை, அதில் மாற்று வீத ஆதாயம், சம்பளம் பாக்கி வைத்த மாநிலங்களின் எண்ணிக்கை. 2025-க்கான பட்ஜெட் 75 டாலர் என்று எழுதியிருந்தது. ஏப்ரலில் விலை 60-ஐத் தொட்டது. அந்த வரியின் கடைசிக் கட்டத்தை நிரப்ப வேண்டிய மாதம் ஜூலை.